கெட்டிஸ்பர்க்குப் பாசறையில் ஐசன்ஹோவர்

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆந் தேதி நேசநாட்டுச் சேனைகளை நார்மண்டிக் கரையில் இறக்கிய தலைமைத் தளகர்த்தர் என்றும், 1953 முதல் 1961 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராய் அமர்ந்திருந்தவர் என்றும் டுவைட் ஐசன்ஹோவரை உலகம் அறியும். அவ்விரண்டையும் பற்றி எழுதியோர் மிகப் பலராதலின் நாம் அவற்றை விரித்துரைக்கப் புகவில்லை. போர்முனையைக் காணாது, புகழும் பெறாது, கொள்ளைநோயின் நடுவே ஒரு பயிற்சிப் பாசறையைக் காத்து நின்ற 1918-ஆம் ஆண்டின் இளைஞரையே ஈண்டு நாம் காண விரும்புகின்றோம்.

அவர் 1890-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ஆந் தேதி டெக்ஸாஸ் மாகாணத்து டெனிசன் என்னும் ஊரிற் பிறந்தார். வளர்ந்தது கான்சஸ் மாகாணத்து அபிலீனில். ஆண்மக்கள் எழுவருள் மூன்றாமவர். தந்தையார் வெண்ணெய் எடுக்கும் ஆலையொன்றில் ஊழியர். தாயார் ஐடா அம்மையார் போரென்பதே பாவம் என்று கருதிய பக்தியுடையவர். அத்தகைய அன்னையின் மகன் போர்த்தொழிலை நாடியது வியப்பே. ஆயினும், செலவின்றிக் கல்வி பெறுதற்கு அவருக்கு வேறு நல்வழி புலப்படவில்லை. தமையனார் எட்கரின் கல்லூரிச் செலவுக்கு உதவும்பொருட்டு முதலில் இரண்டு ஆண்டுகள் அவ்வாலையிலேயே உழைத்தார். கடற்படைக் கல்லூரியிற் சேர விரும்பியபோது, வயது கடந்துவிட்டதென்று தெரிந்தது. 1911-இல் வெஸ்ட்பாயிண்டு இராணுவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கும் 1912-இல் பந்தாட்டத்தில் முழங்காலிற் பட்ட ஊறு அவர்தம் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்ததோடு, உத்தியோகமே கிட்டுமோ கிட்டாதோ என்னும் ஐயத்தையும் எழுப்பிவிட்டது. 1915-இல் தேறிய 164 பேருள் அவர் 61-ஆவதாக நின்றார். தடைபட்டு நிற்றல் அவருக்குப் புதிதன்று என்பதற்காகவே இவற்றைக் கூறினோம்.

1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. உடன்பயின்ற தோழர் பலர் பிரான்சுக்குக் கப்பலேறினர். ஐசன்ஹோவரோ ஜார்ஜியாவில் ஓகில்தார்ப்புக் கோட்டைக்கும், பின்னர்க் கான்சஸில் லெவன்வொர்த்துக் கோட்டைக்கும் அனுப்பப்பெற்று, பிறரைச் சேனை உத்தியோகஸ்தராகப் பயிற்றும் பணியில் அமர்த்தப்பட்டார். தம்மைப் போர்முனைக்கு அனுப்புமாறு மீண்டும் மீண்டும் விண்ணப்பம் எழுதினார். மேலிடத்திலிருந்து கண்டனமே கிடைத்தது. நன்றாகப் பயிற்றுவிக்கும் ஆற்றலே அவருக்குத் தளையாயிற்று! அத்திறமையை முன்னிட்டன்றோ 1918-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பென்சில்வேனியா மாகாணத்துக் கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்கென அமைந்த கோல்ட்டுப் பாசறையை அவரிடம் ஒப்புவித்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அவ்விடம் உள்நாட்டுப் போரில் பெயர்பெற்ற களம். 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆந் தேதி பிக்கெட்டு என்னும் தளபதியின் வீரர் அணியணியாய்ச் சென்று மடிந்த வெளியிலேயே கூடாரங்கள் எழுந்தன. டாங்கிப் படைக்குரிய பாசறையில் டாங்கி ஒன்றுமில்லை. ஓடும் லாரிகளின்மீது இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திக் குன்றைநோக்கிச் சுடப் பழக்கினார். ஏப்ரலில் பனிப்புயல் வந்தபோது ஊர்க்கடைகளிலிருந்த கணப்படுப்புகளை வாங்கிக் கூடாரங்களுக்கு அளித்தார். கோடையில்தான் சிறிய ரெனால்ட்டு டாங்கியொன்று வந்து சேர்ந்தது. வரவர, அவர்தம் ஆணைக்குட்பட்டோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டனர். இவ்வளவுக்கும் இடையே அவர் கண் பிரான்சின்மேலேயே இருந்தது. பாசறையிலேயே இருப்பின் பதவி உயருமென்று கூறப்பட்டபோதும், பதவியிற் படி இறங்கியேனும் போருக்குப் போவதே தமக்கு விருப்பமென்று தெரிவித்தார்.

இந்நிலையிலேதான் இன்புளுயன்சா என்னும் விஷசுரம் வந்தது. 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மாசசூசெட்ஸ் மாகாணத்து டெவன்ஸ் பாசறையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட புதுச்சிப்பாய்கள் கெட்டிஸ்பர்க்கு வந்து இறங்கினர். அவருட் சிலர் சுரத்தோடு வந்தனர். முன்னர் இட்ட ஊசிகளின் விளைவு அதுவென்று முதலிற் கருதப்பட்டது. டெவன்ஸ் பாசறையில் அந்நோய் மூண்டிருந்த கொடுமை அப்பொழுது கோல்ட்டுப் பாசறையில் உள்ளோர்க்குத் தெரிந்திலது. உண்மை புலப்படுவதற்குள் நோய் பரவிவிட்டது. சவப்பெட்டிகள் போதாமையால் உடல்களைக் கூடாரமொன்றிற் கிடத்த நேர்ந்தது. சில வாரங்களில் 150 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அவருட் பெரும்பாலோர் இன்று கல்லூரியிற் பயிலும் நம்மினும் சில ஆண்டுகளே மூத்தவர். எதிரியின் முகத்தையும் அவர்கள் காணவில்லை.

பயிற்சி ஒழுங்கு குலைந்தது. அவ்வொரு பாசறையில் மட்டுமன்று; அக்டோபர் மாதத்தில் அமெரிக்கா முழுவதும் சேனைக்கு அழைக்கப்படவிருந்த 1,42,000 பேரின் அழைப்பே நிறுத்தப்பட்டது. முடிவறியாத இத்தகைய தடை இளம் உள்ளத்தை எவ்வாறு அரிக்குமென்பதைப் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த 2020-ஆம் ஆண்டில் நாமும் ஒருவாறு உணர்ந்தோம். தம் வாழ்க்கை பின்தங்கிவிட்டதே என்னும் ஏக்கம் ஐசன்ஹோவருக்கு முன்னமே இருந்தது. இப்போது நோயும் வந்து கூடியது. ஆயினும், அந்நாட்களில் அவர் தம்மைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தாரில்லை.

அவர் செய்தவை மிக எளியவை. பாசறையின் தலைமை வைத்தியர் ஸ்காட்டின் சொல்லுக்குத் தம் அதிகாரம் முழுவதையும் துணையாக்கினார். நோய்க்குறி கண்டாரை உடனே தனியிடத்திற்கு மாற்றினர். ஒரு கூடாரத்தில் தங்குவோர் தொகையைக் குறைத்தனர். படுக்கைகளை நாள்தோறும் வெயிலிற் காயவைத்தனர். தரையை மருந்து நீரால் துடைத்தனர். சிப்பாய்கள் ஊருக்குள் கூட்டங்கூடாதவாறு காவலரை நிறுத்தினர். ஐசன்ஹோவரின் மனைவியார் மேமி அம்மையாரும், ஓராண்டே நிரம்பிய குழந்தையும் அவ்வூரிலேயே இருந்தனர். ஸ்காட்டு இருவகை மருந்துகளை அவர்கள் மூக்கிலும் தொண்டையிலும் நாள்தோறும் பீய்ச்சினார். ஒன்று தலையே பிளந்துபோவதுபோல் எரியுமாம், மற்றொன்று அவ்வெரிவை ஆற்றுமாம். அக்குடும்பத்தில் ஒருவருக்கும் நோய் காணவில்லை. அஃது அம்மருந்தின் பயனேயென்று நாம் சாதிக்கமாட்டோம். மனிதரைப் பற்றும் இன்புளுயன்சாக் கிருமி 1933-இல்தான் கண்டறியப்பட்டது. பகுத்து வைத்தலும் காற்றும் வெயிலுமே பெரிதும் உதவின என்று கருதுதல் பொருந்தும். அக்டோபரில் நோய் தணிந்தது. அம்முறைகளை ஏனைய பாசறைகளுக்குக் கற்பிக்கும்பொருட்டுக் கோல்ட்டுப் பாசறை வைத்தியர்களை அனுப்புமாறு யுத்த இலாகா பணித்தது.

அம்மாதம் 14-ஆந் தேதி, தம் இருபத்தெட்டாம் பிறந்தநாளில், அவர் லெப்டினண்டு கர்னல் ஆனார். நவம்பர் 18-ஆந் தேதி கப்பலேறலாம் என்ற உத்தரவும் வந்தது. ஆனால் நவம்பர் 11-ஆந் தேதி யுத்தமே நின்றுவிட்டது. அன்று அவருக்கு உண்டான ஏமாற்றத்தை அவரே பின்னாளில் மறைத்தாரில்லை. உலகம் சமாதானத்தைக் கொண்டாடும்போது ஒருவர் துக்கிப்பது தகுமோ எனில், தகாதுதான். அவரும் மானிடரன்றோ! நோய்நாட்களில் நேராய் நின்ற நோக்கு, நோய் நீங்கியபின் சிறிது சாய்ந்தது என்று கொள்ளுதலே உண்மையோடு ஒட்டியது.

யுத்தகாலப் பதவி பறிபோய் 1920-இல் மீண்டும் காப்டனாகி, அவ்வாண்டிலேயே மேஜராகிப் பதினாறு ஆண்டுகள் அப்படியிலேயே இருந்தார். பனாமாவில் தளபதி பாக்ஸ் கானரின்கீழ்ப் போர்நூல்களைக் கற்றார். 1926-இல் லெவன்வொர்த்துக் கல்லூரியில் முதல்வராய்த் தேறினார். போர்முனைக்குச் செல்லாதவர் என்ற குறை அவரை விடாது தொடர்ந்தது. ஆனால், ஒன்றுமில்லாத வெளியில் பதினாயிரவரைக் கூட்டி, உணவும் உறையுளும் தந்து, பயிற்றி, நோயினின்றும் காத்த பழக்கம் அவரையொத்த இளம் உத்தியோகஸ்தருள் எத்தனை பேருக்கு வாய்த்தது? இலட்சக்கணக்கானோரை 1944-இல் நடத்தியவருக்கு அதுவே முதற்பாடமாயிற்று என்பது நம் துணிபு. குடியரசுத் தலைவராயிருந்த 1957-இலும் புதியதொரு இன்புளுயன்சா உலகைச் சூழ்ந்தது. அந்நோய்க்கு அப்போது தடுப்பூசி இருந்தது.

கெட்டிஸ்பர்க்கை அவர் மறக்கவில்லை. 1950-இல் அப்போர்க்களத்தை அடுத்தே ஒரு பண்ணை வாங்கினார். பதவி நீங்கியபின் அங்கேயே வாழ்ந்தார். கோல்ட்டுப் பாசறையின் நோய்க்குத் தப்பிய அவர்தம் மூத்த மகன் 1921-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மீடுப் பாசறையில் செங்காய்ச்சலால் இறந்தான், வயது மூன்றே. நாடெங்கும் பெயர்பெற்ற பின்னரும், தம் வாழ்க்கையிற் பெருந்துயரம் அதுவேயென்று அவர் கருதினார். போர்முனையை இழந்ததை அன்று. 1969-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆந் தேதி அவர் காலமானபோது, அபிலீனில் அம்மகனின் பக்கத்திலே அவரை அடக்கம் செய்தனர்.