மரக்கட்டை மேல் நின்ற மாமனிதர் ஜார்ஜ் மேனுவல்



தலைவர்கள் என்றதும் நம் மனக்கண் முன் காந்தியடிகள், அண்ணல் அம்பேத்கர், ஆபிரகாம் லிங்கன், நெல்சன் மண்டேலா என்று வரிசையாக வருவார்கள். ஆனால் ஜார்ஜ் மேனுவல் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஒரு கால் சரியாக நடக்க வராதவர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், மர மில்லில் கூலி வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர்தான் கனடா நாட்டு அரசாங்கத்தையே தம் மக்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கனடாவின் பூர்வகுடி மக்களை அந்நாட்டுச் சட்டம் 'இந்தியர்' என்றுதான் குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் நம்ம நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்து வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்த மண்ணிலேயே அடுத்தவன் வைத்த பெயரோடு வாழ வேண்டிய நிலை. அவர்களைப் பற்றிய எல்லா முடிவுகளும் அப்படித்தான் அவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டன. இதை மாற்றுவதற்காகத்தான் மேனுவல் தம் வாழ்நாளைச் செலவழித்தார்.

1921-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கனடாவின் மேற்கு ஓரத்தில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அவர் பிறந்தார். ஷுஷ்வாப் என்று வெள்ளையர் அழைத்த செக்வெப்மெக் இனம் அவருடையது. ஊர் நெஸ்கோன்லித். தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். வேட்டை, மீன்பிடிப்பு, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் தாத்தாவின் பின்னால் நடந்தே கற்றுக்கொண்டார்.

பிறகு காம்லூப்ஸ் உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். நம்ம ஹாஸ்டல் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளைத் தாய்மொழி பேச விடாமல், குடும்பத்தையும் பழக்கவழக்கங்களையும் மறக்கச் செய்வதற்கென்றே அரசும் கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து நடத்திய பள்ளிகள் அவை. அந்தப் பள்ளியைப் பற்றிப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் வந்தது பசிதான். அங்கிருந்த காலத்தில் இடுப்பு எலும்பில் காசநோய் தாக்கியது. படிப்பு போச்சு. பல காலம் ஆஸ்பத்திரிப் படுக்கை. உயிர் பிழைத்தார், ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

அந்தக் காலோடு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? காட்டில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு மில்லுக்குக் கொண்டுவருவார்கள். மிதக்கும் கட்டைகள் மேல் நின்றுகொண்டு, நீளக் கழியால் தள்ளி ஒழுங்குபடுத்தி, கூட்டமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். 'பூம் மேன்' என்று அந்த வேலைக்குப் பெயர். கால் வழுக்கினால் அவ்வளவுதான். இரண்டு காலும் நல்லா இருப்பவனே பயப்படும் வேலை அது!

அந்த நாளில் சட்டம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1876-இல் வந்த 'இந்தியர் சட்டம்' ஒவ்வொரு ஊரையும் அரசு அதிகாரியான 'இந்தியன் ஏஜென்ட்' கையில் கொடுத்திருந்தது. 1927-இல் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். நில உரிமை கேட்டு வழக்கு நடத்த அரசின் அனுமதி இல்லாமல் பணம் வசூலித்தால் குற்றம்! பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி நிலம் எந்த ஒப்பந்தமும் போடாமல் எடுக்கப்பட்டது. அதைக் கேட்க வக்கீல் வைக்கவும் வழியில்லை. 1951-இல்தான் அந்தப் பிரிவு நீங்கியது. கனடா பாராளுமன்றத் தேர்தலில், இந்தியர் என்ற சட்டத் தகுதியை விட்டுக்கொடுக்காமலே எல்லாரும் ஓட்டுப் போடும் உரிமை 1960-இல்தான் கிடைத்தது.

மேனுவல் பொதுவாழ்வுக்கு வந்தது பெரிய கொள்கை படித்து அல்ல, ஓர் ஆஸ்பத்திரிச் செலவால்தான். அதுவரை அரசு ஏற்றுவந்த வைத்தியச் செலவை, இனி சம்பளம் வாங்கும் பூர்வகுடியினர் தாங்களே கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். கூலி வேலை பார்த்துப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றும் மனிதருக்கு அது பேரிடி. நமக்கு மட்டுமா இப்படி என்று பக்கத்து ஊர்களில் போய்க் கேட்டார். எல்லா ஊரிலும் அதே கதை. வேலை முடிந்த நேரத்தில் ஊர் ஊராகப் போனார். வீட்டுத் திண்ணை, சமையலறை என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து பேசினார். தம் ஊருக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டி பால் என்ற மூத்த தலைவர் அவருக்கு அரசியல் ஆசான் ஆனார். 1959-இல் ஆண்டி பால் மறைந்த பின், அவர் தொடங்கிய இயக்கத்தின் பொறுப்பை மேனுவல் ஏற்றார்.

1960-களின் நடுவில் வான்கூவர் தீவில் உள்ள கௌவிச்சன் மக்களிடையே சமுதாய வளர்ச்சி அலுவலராக வேலை செய்தார். சம்பளம் கொடுத்தது அரசு. ஆனால் அவர் நின்றது மக்கள் பக்கம். வீட்டு வசதி வேண்டுமா? நாமே கேட்போம். கூட்டத்தில் யார் பேசுவது? நாமே பேசுவோம். இதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார்.

நண்பர்களே, இங்கே ஒரு வார்த்தை. எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவேன். மேனுவல் எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அவர்களையே கேட்கப் பழக்கினார். இந்த வித்தியாசம் பெரியது என்று அவர் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

1969 ஜூன் மாதம் பெரும் சோதனை வந்தது. பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு 'வெள்ளை அறிக்கை' வெளியிட்டது. இந்தியர் சட்டத்தை நீக்குவோம், தனித்தகுதியை எடுத்துவிடுவோம், எல்லாரும் சமம் என்றது. சமம் என்றால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே என்ன இருந்தது? பறித்த நிலத்துக்குக் கணக்கு இல்லை, ஒப்பந்தங்களுக்கு மதிப்பு இல்லை. நூறு வருஷம் கையைக் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, இப்போது அவிழ்த்துவிட்டு, ஓட்டப் பந்தயத்தில் நீயும் ஓடு என்று சொன்ன மாதிரி. பூர்வகுடி மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆல்பர்ட்டாவில் ஹரால்ட் கார்டினல் என்ற இளைஞர் தலைமையில் எதிர் அறிக்கை தயாரானது. 1970-இல் தேசிய இந்திய சகோதரத்துவம் என்ற அகில கனடா அமைப்புக்கு மேனுவல் தலைவரானார். எதிர்ப்பின் வேகம் தாங்காமல் 1971-இல் அரசு அந்த அறிக்கையை முறைப்படி கைவிட்டது.

வேண்டாம் என்று சொல்வதோடு அவர் விடவில்லை. வேண்டியது என்ன என்பதையும் எழுதிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளின் கல்வி எங்கள் கையில் இருக்க வேண்டும் என்ற கொள்கை அறிக்கையை 1972-இல் அவரது அமைப்பு அரசிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே அரசு அதைக் கொள்கை அளவில் ஏற்றது. பசியோடு பள்ளியில் கிடந்த பையன், அதே கல்வி முறையை மாற்றக் கேட்டுப் பெற்றார் என்றால் சும்மாவா?

1971-இல் நியூசிலாந்து போனார். மாவோரி மக்களுக்குப் பாராளுமன்றத்தில் தனி இடங்கள் இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு புதிதாய் விடுதலை பெற்ற தான்சானியாவுக்கும் போனார். அந்நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது கிடைத்த சொல்தான் 'நான்காம் உலகம்'. சொந்த நாட்டுக்குள்ளேயே நாடில்லாமல் போன மக்களின் உலகம் என்று அர்த்தம். அதே பெயரில் 1974-இல் மைக்கேல் போஸ்லன்ஸ் என்பவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். 1975 அக்டோபரில் வான்கூவர் தீவின் போர்ட் ஆல்பர்னியில் உலகப் பூர்வகுடி மக்கள் பேரவை கூடியது. வட ஐரோப்பாவின் சாமி மக்கள், மாவோரிகள், ஆஸ்திரேலியப் பழங்குடியினர், தென் அமெரிக்க இனத்தவர் எல்லாரும் வந்தார்கள். முதல் தலைவர் நம்ம மேனுவல்தான்!

கடைசியாக ஒரு ரயில் கதை. கனடாவின் அடிப்படை அரசியல் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சட்டமாகவே நீண்ட காலம் இருந்தது. 1980-இல் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவர ட்ரூடோ முயன்றார். பூர்வகுடி உரிமைக்கு அதில் உறுதியான இடமில்லை. அப்போது மேனுவல் பிரிட்டிஷ் கொலம்பியா பூர்வகுடித் தலைவர்கள் சங்கத்தின் தலைவர். 1980 நவம்பரில் வான்கூவரிலிருந்து ஆட்டவாவுக்கு 'அரசியல் சட்ட எக்ஸ்பிரஸ்' புறப்பட்டது. இரண்டு ரயில்கள், வின்னிபெக்கில் சந்திப்பு, சுமார் ஆயிரம் பேர். பாட்டிமார் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை. ரயில் பெட்டியே வகுப்பறை ஆனது. ஒரு குழு நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு குழு ஐரோப்பாவுக்கும் சென்றது.

உரிமைப் பிரிவைச் சேர்த்தார்கள், 1981 நவம்பரில் எடுத்தார்கள், நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் மறுபடி சேர்த்தார்கள். 1982-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, பூர்வகுடி மக்களின் இருந்துவரும் உரிமைகளை ஏற்று உறுதி செய்கிறது. அது ஒருவர் வாங்கித் தந்தது அல்ல, பல அமைப்புகள் சேர்ந்து போராடியதன் பலன். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் மேனுவலின் பங்கு பெரியது.

இதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியதுதான். ஊர் ஊராகச் சுற்றியதில் மனைவி மக்கள் அவரைப் பார்த்த நாட்கள் குறைவு. உடம்பும் கெட்டது. 1989 நவம்பர் 15-இல் கண்மூடினார். நிலப் பிரச்சினை முழுசாகத் தீர்வதை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. அவர் மகன் ஆர்தர் மேனுவல் அதே நெஸ்கோன்லித் ஊருக்குத் தலைவராகி 2017-இல் இறக்கும்வரை நில உரிமைக்காகப் போராடினார். 2007-இல் ஐ.நா. பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அன்று எதிர்த்து ஓட்டுப் போட்ட 4 நாடுகளில் கனடாவும் ஒன்று. அதே கனடா 2021-இல் அந்தப் பிரகடனத்தை நடைமுறைப்படுத்தச் சட்டமே போட்டது.

நண்பர்களே! நாளைக்கு நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு மில்லுக்கோ, ரோடு வேலைக்கோ, அணைக்கட்டுக்கோ போவோம். நாம் போடும் வரைபடத்துக்குள் யாருடைய வீடோ வயலோ இருக்கும். அவர்களைக் கேட்டார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். வழுக்கும் மரக்கட்டை மேல் ஒற்றைக் காலை ஊன்றி நின்ற மனிதருக்கு அது முடிந்தது என்றால், நல்ல கால் இரண்டு உள்ள நமக்கு முடியாதா என்ன?

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்