எர்னஸ்ட் காட்மன்

நோயைத் தீர்க்கும் திறன் மருத்துவர்க்குப் பெருமை தரும். தாம் செய்ததையும், அதனால் விளைந்ததையும் உள்ளவாறே எழுதிவைக்கும் நேர்மை அதனினும் பெரிய பெருமையாகும். இதனைத் தம் வாழ்வால் விளக்கியவர் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்.

காட்மன் 1869-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரிற் பிறந்தார்; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அந்நாளில் அறுவையின்போது நோயாளிக்கு ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு மாணவர்களிடம் விடப்பட்டிருந்தது. மயக்கம் தெளியாமலே உயிர் நீத்தவரும் உண்டு. 1894-இல் காட்மனும் அவர் தோழர் ஹார்வி குஷிங்கும் நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் அவ்வப்போது அளந்து தாளிற் குறிக்கலாயினர். இச்சிறு வழக்கமே அவருடைய பிற்காலப் பெரும்பணிக்கு வித்தாயிற்று.

தோள் நோய்களில் காட்மன் தனிப்புலமை பெற்றார். கீழே விழுந்தோர் சிலர் கையை உயர்த்த இயலாமல் நெடுநாள் வருந்தினர். தோளின் மேற்புறத் தசையைக் கை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அறுந்திருப்பதே இதற்குக் காரணம் என்று கண்டு, அதனைத் தைத்துச் சேர்த்தார். அவ்வறுவையைப் பற்றி 1911-இல் எழுதி வெளியிட்டார். 1934-இல் தோளைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் இயற்றினார். குனிந்து நின்று கையை ஊசல்போல் தளர்வாக ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

மருத்துவமனையை விட்டுச் சென்ற நோயாளி பின்னர் நலமுற்றாரா என்பதை அக்காலத்தில் பெரும்பாலோர் தொடர்ந்து ஆராய்ந்திலர். காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வகுத்தார். நோயின் குறிகள், மருத்துவர் கணித்த நோய், செய்த சிகிச்சை, நேர்ந்த இடர், ஓராண்டு கழிந்தபின் கண்ட பயன் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. பயன் குறைந்தவிடத்து அதன் காரணமும் எழுதப்பட்டது.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் திறமையை நோக்காது, பணியின் மூப்பு நோக்கியே உயர்வு அளிக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1914-இல் அவர் பதவி துறந்தார். 1911-இலேயே அவர் நிறுவியிருந்த சிறு மருத்துவமனையில், 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்றோர் 337 பேர். அவர்கள்பால் நேர்ந்த 123 பிழைகளைக் காட்மன் தாமே அச்சிட்டு வெளிப்படுத்தினார். மணலில் தலை புதைத்த தீக்கோழியைக் காட்டும் கேலிப்படமொன்றை 1915-இல் மருத்துவர் கூட்டத்தில் திறந்துவைத்தார். மருத்துவர் பலர் வெகுண்டனர். அவர் தலைமைப் பொறுப்பை இழந்தார், வருவாயும் குன்றியது. ஆயினும் அவர் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

அவர் விதைத்த வித்து வீண்போகவில்லை. 1918-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 692 மருத்துவமனைகளை ஆய்ந்தபோது, 89 மட்டுமே தகுதி பெற்றன. பிழையற்ற, முழுமையான நோயாளர் குறிப்பேடும் தகுதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

1940-இல் காட்மன் மறைந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் 2014-இலேதான் நாட்டப்பெற்றது. இன்று கையெலும்பு முறிவுக்கும் அறுவைக்கும் குறியெண்கள் உண்டு. முறிந்தது வலக்கையா இடக்கையா, எவ்வெலும்பு, தோல் கிழிந்ததா என்பனவற்றை மருத்துவர் சரியாக எழுதினாலன்றி அவ்வெண் உண்மை கூறாது. பிழையை மறைப்பவன் அதனையே மீண்டும் செய்வான், எழுதிவைப்பவன் திருந்துவான். காட்மன் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.