காற்றுக்குக் கடிவாளம் போட்ட கால்நடை டாக்டர்

கும்மிடிப்பூண்டிப் பக்கம், பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் என்று ஓர் ஊர். அக்கம்பக்கத்துக் குப்பங்களில் மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரைப் பாதை வெயிலில் மணல், மழையில் சேறு.

அந்தப் பாதையில் ஐஸ் பெட்டியும் மீன் கூடையுமாக ஒரு பழைய ஜீப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் சக்கரம் மணலில் புதைந்துவிடுகிறது. எஞ்சின் உறுமுகிறது. வண்டி நகரவில்லை. அனுபவம் உள்ள டிரைவர் என்ன செய்வார் தெரியுமா? கீழே இறங்கி, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். டயர் சப்பையாகி, மணலில் அகலமாகப் பதியும். வண்டியும் மெல்ல மேலே ஏறி வந்துவிடும்!

தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும். அடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

கூட்டினால் ஒரு குணம், குறைத்தால் ஒரு குணம். காற்றை இப்படிச் சக்கரத்தில் அடைத்து வேலை வாங்கும் வித்தையை உலகம் எங்கும் பரவச் செய்தவர் மோட்டார் என்ஜினீயர் அல்ல. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தவர். அவர்தான் ஜான் பாய்ட் டன்லப்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மாதம் நிறையும் முன்பே பிறந்த குழந்தை. அதனால் தாம் நோஞ்சான் என்ற எண்ணம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. (அந்த நோஞ்சான் 81 வயது வரை வாழ்ந்தார்!)

எடின்பரோவில் படித்துக் கால்நடை டாக்டர் ஆனார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார். 1871-ல் கல்யாணம் நடந்தது. ஒரு பெண், ஒரு பிள்ளை. பெல்பாஸ்ட் நகரில் அவருடைய வைத்தியசாலை, அயர்லாந்திலேயே பெரியவற்றுள் ஒன்று என்று பெயர் எடுத்தது. குறை ஒன்றும் இல்லாத வாழ்க்கை.

பையனின் மூன்று சக்கர வண்டி

1887-ம் ஆண்டு. மகன் ஜானிக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. பெல்பாஸ்ட் தெருக்களோ கல் பாவியவை. கெட்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது பையனின் உடம்பெல்லாம் குலுங்கியது.

அப்பா யோசித்தார். குலுக்கலைத் தடுக்கச் சக்கரத்தைச் சுற்றி மெத்தென்று ஏதாவது வேண்டும். காற்றையே மெத்தையாகப் போட்டால் என்ன?

சுமார் மூன்றடி அகலத்தில் ஒரு மர வட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, வட்டைச் சுற்றிப் பொருத்தினார். மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றை நிரப்பினார்.

பிறகு ஒரு பந்தயம் வைத்தார். பையனின் சைக்கிள் சக்கரத்தை முற்றத்தில் உருட்டிவிட்டார். அது சிறிது தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, வாசல் தூணில் மோதி எகிறியது! குலுக்கலைக் குறைக்கத்தான் அவர் நினைத்தார். வேகமும் சேர்ந்து கிடைத்துவிட்டது.

1888-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி இரவு, ஜானியின் வண்டியில் பின்சக்கரம் இரண்டுக்கும் காற்று டயர் ஏறியது. பையன் விடியும் வரை பொறுப்பானா? நிலா வெளிச்சத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டான். அதே ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி டன்லப்புக்குப் பேடண்டு உரிமை கிடைத்தது.

மறு ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்தக் கொழுத்த டயருடன் வந்து இறங்கினார். அவர் அப்படி ஒன்றும் முதல்தரமான வீரர் அல்ல, பார்த்தவர்கள் சிரித்தார்களாம். கலந்துகொண்ட நாலு பந்தயங்களிலும் அவரே ஜெயித்தார்! தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்பவரின் பிள்ளைகளும் உண்டு. டு குரோ வியாபாரத்தில் புலி. பிள்ளைகளைத் தோற்கடித்த டயரை விட்டுவிடுவாரா? அந்த ஆண்டு முடிவதற்குள் டப்ளின் நகரில் டயர் கம்பெனி தொடங்கிவிட்டார். டன்லப்புக்குக் கொஞ்சம் ரொக்கமும் சில பங்குகளும் கிடைத்தன.

அச்சை உயர்த்துவது எது?

காற்று ஏன் ஜெயித்தது? கெட்டிச் சக்கரம் கல்லின் மேல் ஏறினால், வண்டி முழுவதுமே மேலே ஏறி விழ வேண்டும். காற்று டயரோ கல்லை உள்ளே வாங்கிக்கொள்கிறது. மீதிக் குலுக்கல்தான் வண்டியின் ஸ்பிரிங்குக்குப் போகிறது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நாளாக ஆகக் கமான் பட்டை தொய்ந்து வண்டி தணிந்துவிடும். பட்டையைச் சரி செய்தால் மேல்கட்டு உயரும். ஆனால் சக்கரத்தைக் கோக்கும் அச்சு உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான். அதிலும் ஒரு கணக்கு: டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால், அச்சு ஓர் அங்குலமே உயரும். வண்டியைத் திருப்பும்போதும் பள்ளத்தில் விழும்போதும் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வேகம் காட்டும் முள்ளும் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும்.

பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

விழுந்த இடி

டன்லப்பின் கதைக்கு வருவோம். கம்பெனி வளர்கிற நேரத்தில், 1890-ல், ஓர் இடி விழுந்தது. அவருடைய பேடண்டு செல்லாது! 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றுச் சக்கரத்துக்கு உரிமை வாங்கியிருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். அப்போது அவருக்கு வயது 23. லண்டனில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அந்தக் காலத்தில் இன்றைய சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. யாருக்கும் தேவைப்படாத பண்டம் மறந்துபோயிற்று. தாம்சனும் 1873-ல் காலமாகிவிட்டார்.

டன்லப்புக்குத் தாம்சனைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாமாகவே யோசித்துத் தாமாகவே செய்தார். சட்டம் அதைப் பார்க்கவில்லை. டயரைச் சுலபமாகக் கழற்றி மாட்டும் முறைக்கு வேறொருவர் வைத்திருந்த பேடண்டை வாங்கித்தான் கம்பெனி பிழைத்தது. மெல்ல மெல்ல டன்லப் ஒதுங்கினார். 1896-ல் டு குரோ அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு விற்றார். சாலை தோறும் டன்லப் பெயர் உருண்டது. பெயருக்கு உரியவரோ பெரும் பணக்காரர் ஆகவில்லை.

அதற்காக அவர் ஊரைத் திட்டிக்கொண்டு திரிந்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தது வேறொன்றில்தான். தம் உருவப் படத்தை விளம்பரத்தில் போட அவர் சம்மதித்திருந்தார். கம்பெனியோ அந்தத் தாடி வைத்த முகத்தை ஒரு மைனரின் உடம்பில் ஒட்டிவிட்டது! உயரமான தொப்பி, வெள்ளை அரைச் சட்டை, கையில் பிரம்பு, கண்ணில் ஒற்றைக் கண்ணாடி. தொழுவத்தில் நின்று வைத்தியம் பார்த்த மனிதருக்கு இந்தக் கோலமா? பணம் போனபோது பொறுத்தவர், இதைப் பொறுக்கவில்லை. மானநஷ்ட வழக்குப் போட்டார். அயர்லாந்துக் கோர்ட்டு அதை விசாரிக்கலாமா என்ற தகராறு லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. விசாரிக்கலாம் என்றே தீர்ப்பாயிற்று. அப்போது கிழவருக்கு வயது 80-ஐ ஒட்டி.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் டன்லப் காலமானார்.

1936-ல் வங்காளத்தில் சாகாகஞ்சிலும், 1959-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் அவர் பெயரில் டயர்த் தொழிற்சாலைகள் வந்தன. பின்னால் அவை மூடப்பட்டன. ஆனால் அதற்குள் டயர் நம் கிராமத்துக் கட்டை வண்டி வரை வந்துவிட்டது. இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டயர் மாட்டினார்கள். பழைய வண்டியில் இழுத்ததைவிட அதிகப் பாரத்தை அதே ஜோடி மாடுகள் இழுத்துக்கொண்டு போயின.