டீட்ரிக் பிராண்டிஸ்

சர் டீட்ரிக் பிராண்டிஸ் (மார்ச் 31, 1824 – மே 28, 1907) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த தாவரவியலாளரும் காட்டியல் அறிஞரும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் முதலாவது தலைமை வன ஆய்வாளராக 1864 முதல் 1883 வரை பணியாற்றினார். வெப்பமண்டலக் காட்டியலின் தந்தை என இவர் அழைக்கப்படுகிறார். காட்டைக் காப்பதும் பயன்படுத்துவதும் முறையான பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய தொழில் என்னும் நிலை இந்தியாவில் இவர் காலத்தில் உருவானது. காடு அரசுக்கு உரியதா, அதை நம்பி வாழும் ஊராருக்கு உரியதா என்ற கேள்வியும் இவர் காலத்திலேயே சட்ட வடிவில் எழுந்தது.

பிறப்பும் கல்வியும்

பிராண்டிஸ் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை கிறிஸ்டியான் ஆகஸ்ட் பிராண்டிஸ் மெய்யியல் பேராசிரியர். தந்தை கிரேக்க மன்னர் ஒட்டோவிடம் பணியாற்றிய காலத்தில் சிறுவனான டீட்ரிக் ஏதென்சில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் கோபனேகன், கோட்டிங்கன், பான் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1849 இல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளரானார்.

1854 இல் ரேச்சல் மார்ஷ்மன் என்பவரை மணந்தார். இவர் வங்காளத்தின் செராம்பூரில் பணியாற்றிய கிறித்தவ ஊழியர் ஜோசுவா மார்ஷ்மனின் மகள் ஆவார். ரேச்சலின் சகோதரி ஹன்னா, படைத்தலைவர் ஹென்றி ஹாவ்லக்கின் மனைவி. இந்த உறவின் வழியாகவே பிராண்டிசின் பெயர் இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபுவின் கவனத்திற்கு வந்தது.

பர்மாவில் பணி

இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் 1852 இல் பெகு பகுதி பிரித்தானியர் வசமாயிற்று. அங்கிருந்த தேக்கு கப்பல் கட்டுவதற்கு மிகவும் தேவைப்பட்டது. முன்னதாகக் கைப்பற்றப்பட்ட தெனாசெரிம் பகுதியில் மர வணிகர்கள் கட்டுப்பாடின்றி வெட்டியதால் தேக்கு வளம் விரைவில் அழிந்திருந்தது. பெகுவுக்கும் அதே நிலை வரக்கூடாது என்ற எண்ணத்தில், டல்ஹவுசி 1855 இல் வனக்கொள்கைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டில் பிராண்டிஸ் பெகு காடுகளின் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். இவர் தாவரவியல் கற்றவரேயன்றிக் காட்டியலில் முறையான பட்டம் பெற்றவர் அல்லர். காட்டுப் பணியைக் காட்டிலேயே கற்றுக்கொண்டார்.

மரங்களைக் கணக்கிடும் முறை

எத்தனை மரங்கள் உள்ளன என்பது தெரியாமல் எத்தனை மரங்களை வெட்டலாம் என்று முடிவு செய்ய இயலாது. பெகு காடுகளோ முழுவதும் எண்ணி முடிக்க இயலாத அளவு பரந்தவை. எனவே பிராண்டிஸ் குறிப்பிட்ட சில பாதைகளின் வழியே மட்டும் சென்று, இருபுறமும் கண்ணுக்குத் தெரிந்த தேக்கு மரங்களைச் சுற்றளவின்படி வகைப்படுத்தி எண்ணினார். யானை மீது அமர்ந்து சென்ற இவர், மூங்கில் துண்டுகளில் கத்தியால் வெட்டுக்குறி இட்டு எண்ணிக்கையைப் பதிவு செய்தார். இவ்வாறு கிடைத்த எண்ணிக்கையிலிருந்து முழுக் காட்டின் வளத்தை மதிப்பிட்டார்.

6 அடியும் அதற்கு மேலும் சுற்றளவு கொண்டவை முதல் வகை மரங்கள். இவையே வெட்டத் தக்கவை. அடுத்த வகை மரம் முதல் வகை அளவுக்கு வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் பிராண்டிஸ் கணக்கிட்டார். அத்தனை ஆண்டுகளுக்கும் பங்கிட்டு முதல் வகை மரங்களை வெட்டினால், அவை தீரும்போது அடுத்த வகை மரங்கள் முதிர்ந்திருக்கும். ஆண்டு வளர்ச்சிக்கு மிகாமல் வெட்டினால் காடு குறையாது என்பதே இம்முறையின் அடிப்படை. பிற்காலத்தில் பேண்தகு வளர்ச்சி எனப்பட்ட கொள்கையின் முன்னோடி வடிவங்களுள் இதுவும் ஒன்று.

பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே அடிமரத்தைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே காயவிட்டு, பிறகு வீழ்த்தி ஆற்றில் மிதக்க விடுவது பர்மிய வழக்கம். எந்த மரத்தைக் காயவிடுவது என்பதை வன அலுவலரே முடிவு செய்யும் ஏற்பாட்டினால் வெட்டு கட்டுப்படுத்தப்பட்டது. மர வணிகர்கள் இக்கட்டுப்பாடுகளைக் கடுமையாக எதிர்த்தனர்.

தவுங்யா முறை

பெகு மலைகளில் வாழ்ந்த கரென் இன மக்கள் காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் பயிரிட்டு, பின் வேறிடம் செல்லும் வேளாண்மையை மேற்கொண்டிருந்தனர். இது பர்மிய மொழியில் மலைக்கொல்லை எனப் பொருள்படும் தவுங்யா என்ற சொல்லால் வழங்கப்பட்டது. நெல்லும் பருத்தியும் விதைக்கும் அதே நிலத்தில் தேக்கையும் வரிசையாக நடச் செய்து, அதற்குக் கூலி வழங்கும் முறையை பிராண்டிஸ் தொடங்கினார். உழவர் விலகிச் சென்ற பின் அங்கு தேக்குத் தோட்டம் எஞ்சும். இம்முறை பின்னர் ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களின் பல நாடுகளுக்குப் பரவியது. எனினும் நட்டவர்களுக்கு அந்த மரங்களில் உரிமை இருக்கவில்லை. அந்நிலத்தில் அவர்கள் மீண்டும் பயிரிடவும் இயலாது போயிற்று.

இந்திய வனத்துறை

1853 இல் தொடங்கிய இந்திய இருப்புப்பாதைப் பணி விரிவடைந்தபோது, தண்டவாளக் கட்டைகளுக்காகக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. இந்தியா முழுவதற்கும் வன நிருவாகம் ஒன்றை அமைக்க பிராண்டிஸ் 1862 இல் அழைக்கப்பட்டார். 1864 இல் தலைமை வன ஆய்வாளர் பதவி உருவாக்கப்பட்டு, அதில் இவர் அமர்ந்தார். இப்பணியில் இவருக்குத் துணை நின்றவர்களுள் ஹியூ கிளெக்கார்ன் குறிப்பிடத்தக்கவர். சென்னையில் பிறந்த கிளெக்கார்ன், 1856 இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டவர். முதலாவது இந்திய வனச் சட்டம் 1865 இல் இயற்றப்பட்டது.

துறைக்குப் பயிற்சி பெற்ற அலுவலர் இல்லாததே பெரிய குறையாக இருந்தது. 1866 இல் ஜெர்மனியிலிருந்து வில்லியம் ஷ்லிக், பெர்டோல்ட் ரிப்பென்ட்ராப் ஆகிய இருவர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தலைமை வன ஆய்வாளர் ஆயினர். இங்கிலாந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சின் நான்சி நகருக்கும் பயிற்சிக்காக அனுப்பப்பட்டனர். 1878 இல் டேராடூனில் வனப் பள்ளி நிறுவப்பட்டது. இந்தியர் இப்பள்ளியில் பயின்று வனச்சரகர் முதலிய பதவிகளைப் பெற்றனர். உயர் பதவிகளில் நெடுங்காலம் ஐரோப்பியரே இருந்தனர்.

1878 ஆம் ஆண்டின் வனச் சட்டம்

1865 ஆம் ஆண்டுச் சட்டம் போதுமானதன்று எனக் கருதப்பட்டதால் புதிய சட்டம் பற்றி நீண்ட விவாதம் நடைபெற்றது. இதில் மூன்று நிலைப்பாடுகள் இருந்தன.

* பேடன்-பவல் என்ற அலுவலர், தரிசு நிலமும் காடும் அரசுக்கே உரியவை என்றும், மக்கள் விறகு எடுத்ததும் மாடு மேய்த்ததும் சலுகையே அன்றி உரிமை அல்ல என்றும் வாதிட்டார்.
* சென்னை அரசாங்கம், காடுகளில் ஊராருக்குத் தொன்றுதொட்டு உரிமை உண்டு எனக் கூறி அரசுடைமையை எதிர்த்தது.
* பிராண்டிஸ் இடைப்பட்ட நிலையை மேற்கொண்டார். மதிப்பு மிக்க காடுகளை அரசு வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஏனையவற்றில் ஊர்க்காடுகள் அமைத்து அவற்றை ஊராரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் கருதினார்.

குடகின் தேவரக்காடுகள், சேலம் மாவட்ட மலைகளின் கோயிற்காடுகள், இராசபுதன அரசர்கள் காத்துவந்த காடுகள் ஆகியவற்றை பிராண்டிஸ் கண்டு எழுதியுள்ளார். காட்டைப் பேணும் மரபு இந்திய மக்களிடம் முன்பே இருந்தது என்பதை இவர் அறிந்திருந்தார்.

1878 இல் நிறைவேறிய சட்டம் பெரும்பாலும் பேடன்-பவலின் கருத்தையே தழுவியது. ஒதுக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட காடு, ஊர்க்காடு என மூவகை அதில் கூறப்பட்டது. முதல் இரு வகைகளே விரிவடைந்தன. ஊர்க்காடு பற்றிய பிரிவு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

சென்னை மாகாணத்தில்

1878 ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற்குப் பொருந்தவில்லை. எனவே பிராண்டிஸ் 1881 இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, மாகாணத்தின் பல பகுதிகளுக்கும் சென்று காடுகளைப் பார்வையிட்டார். இதன் பயனாக 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு காட்டை ஒதுக்குவதற்கு முன் வன நிர்ணய அலுவலர் மக்களின் உரிமைக் கோரிக்கைகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது இச்சட்டத்தின் முக்கியக் கூறு. சென்னை மாகாண வன நிருவாகம் பற்றிய இவருடைய அறிக்கை 1883 இல் வெளியானது.

நடைமுறையில் இச்சட்டம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பல கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 1921 இல் குண்டூர் மாவட்டத்தின் பல்நாடு பகுதியில் நடைபெற்ற வனச் சத்தியாக்கிரகத்திற்கும், 1922–24 இல் அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் நடைபெற்ற ரம்பா கிளர்ச்சிக்கும் வனக் கட்டுப்பாடுகள் முக்கியக் காரணங்களாக இருந்தன. இரண்டு பகுதிகளும் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தவை. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் தமிழ்நாடு வனச் சட்டமாக நடைமுறையில் உள்ளது.

ஓய்வுக்குப் பின்

1883 இல் ஓய்வு பெற்ற பிராண்டிஸ் பான் நகருக்குத் திரும்பினார். அங்கும் இவர் காட்டியல் மாணவர்களுக்கு வழிகாட்டினார். ஆங்கில மாணவர்களை ஐரோப்பியக் காடுகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கிஃபோர்ட் பின்ஷோ இவரிடம் ஆலோசனை பெற்றார். பின்ஷோ பிற்காலத்தில் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரானார். இவர் பரிந்துரைத்த கார்ல் ஷெங்க், 1898 இல் அமெரிக்காவில் பில்ட்மோர் வனப் பள்ளியைத் தொடங்கினார்.

பிராண்டிஸ் 1875 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1887 இல் இவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1907 இல் பான் நகரில் காலமானார்.

நூல்கள்

* வடமேற்கு மற்றும் நடு இந்தியாவின் காட்டுத் தாவரங்கள் (1874). ஜான் லிண்ட்சே ஸ்டூவர்ட் தொடங்கிய நூலை இவர் நிறைவு செய்தார்.
* இந்திய மரங்கள் (1906). 82 ஆம் வயதில் வெளியிட்டது.

பிராண்டிசியா என்ற தாவரப் பேரினமும், டென்ட்ரோகலாமசு பிராண்டிசியை என்ற மூங்கில் இனமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

மதிப்பீடு

அளந்து, கணக்கிட்டு, நீண்ட காலத் திட்டத்துடன் காட்டை நிருவகிக்கும் முறையை நிலைபெறச் செய்தவர் என்பதால் பிராண்டிஸ் காட்டியல் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறார். அதே அமைப்பு குடியேற்ற அரசின் வருவாய்க்கும் மரத் தேவைக்கும் பயன்பட்டதையும், காடு வாழ் மக்களின் வாழ்க்கையை நெருக்கியதையும் வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ராமச்சந்திர குகா போன்றோர் 1878 ஆம் ஆண்டு விவாதத்தை விரிவாக ஆராய்ந்து, ஏற்கப்படாமற் போன மாற்று வழியாக பிராண்டிசின் ஊர்க்காட்டுக் கருத்தைக் குறிப்பிடுகின்றனர். 1931 இல் குமாவுன் மலைப்பகுதியில் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஊர்ச் சமூகம் தன் காட்டைக் காத்து நிருவகிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. இது, பிராண்டிஸ் ஓய்வு பெற்று 123 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது.