கரும்பிலிருந்து காட்டுக் கிழங்குக்கு... யார் இந்த ஜானகி அம்மாள்?

கோவையில் கலப்பினக் கரும்பு உருவாக்கிய விஞ்ஞானி. ஜானகி அம்மாளைப் பலருக்கும் இப்படித்தான் தெரியும். ஆனா, அவருடைய வாழ்க்கையின் பின்பாதி வேறொரு கவலையில் கழிந்தது. காட்டிலும் வரப்பிலும் தானாக முளைக்கிற செடிகளை நம்பி வாழ்ந்த மக்களின் அறிவு, காட்டோடு சேர்ந்தே அழிந்துவிடுமோ என்ற கவலை அது.

தலச்சேரி டு மிச்சிகன்

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் சப்-ஜட்ஜ். ரொம்பப் பெரிய குடும்பம். சகோதரிகள் கல்யாணம் ஆகிப் போக, இவர் படிப்பு போதும் என்று முடிவெடுத்தார். சென்னை ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். 1924-ல் உதவித்தொகையோடு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

களையில் இருந்த பலம்

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். வயல் கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடும் மற்ற புல் வகைகளோடும் கலந்து பார்ப்பதுதான் வேலை. காட்டுக் கரும்பில் இனிப்பு கம்மி. ஆனா நோயையும் வறட்சியையும் தாங்கும். யாரும் நட்டு வளர்க்காத செடியில் பயிருக்குத் தேவையான பலம் இருக்கிறது என்ற பாடம் இங்கே கிடைத்தது. கல்யாணம் செய்யாத பெண், அதுவும் பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சமூகம் என்பதால் சக விஞ்ஞானிகளோடு உரசலும் இருந்தது.

1939-ல் பிரிட்டனுக்குப் போனவர், போர் மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டார். சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார். ஒரு செடியின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால், அதன் காட்டுச் சொந்தங்கள் எவை, அது எப்படிப் பயிரானது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். கத்தரி இனம், வள்ளிக்கிழங்கு இனம் என இவர் ஆராய்ந்த பலவற்றுக்கும் காட்டில் நெருங்கிய உறவுகள் உண்டு.

நேரு அழைத்தார்

1951-ல் நேருவின் அழைப்பில் நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு கிடைத்தது. வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. தானிய விளைச்சலைக் கூட்ட காடுகள் வெட்டப்பட்டன. ஷில்லாங் பக்கம் ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடிப் போனவர், அது எரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து நொந்துபோனார்.

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதர்கள் பூமியை எப்படி மாற்றினார்கள் என்று விவாதிக்க ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றிப் பேசினார். பழங்குடிகளின் தாவர அறிவையும், தாய்வழிச் சமூகங்களில் வீட்டுச் செடிகொடிகளைக் காத்த பெண்களையும் முன்னிறுத்தினார். ஒரே தானியத்தைப் பெருமளவில் விளைவிக்கும் போக்கு இதையெல்லாம் விழுங்கிவிடும் என்பது அவர் பயம்.

அப்படி என்ன அறிவு?

காட்டு வள்ளிக்கிழங்கையே எடுத்துக்கலாம். சில வகைகளைத் தோண்டி, வேகவைத்து உடனே சாப்பிடலாம். சில வகைகளில் விஷம் உண்டு. மெலிதாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்தால்தான் சாப்பிட முடியும். கொடி, இலை, முள் பார்த்து எது எந்த வகை என்று சொல்லத் தெரியணும். ஆனைமலைக் காடர்கள் மாதிரியான மக்கள், கிழங்கைத் தோண்டிய பிறகு கொடியின் தலைப்பகுதியை மண்ணிலேயே திரும்பப் புதைப்பார்கள். அடுத்த முறைக்கும் கிழங்கு வேணுமே! இதெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தது. காடு போனால் கற்றுத்தரும் இடமும் போய்விடும்.

மதுரவாயலில் கடைசிக் காலம்

1970-ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்திலேயே தங்கி வேலை பார்த்தார். மூலிகைகளும், மக்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறைகளும்தான் அப்போது அவருடைய ஆய்வு. 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தின் சைலன்ட் வேலியில் நீர்மின் திட்டத்துக்காகக் காட்டை மூழ்கடிக்கப் பார்த்தபோது, 80 வயதைத் தாண்டியும் எதிர்ப்பில் சேர்ந்தார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியிலும் இறங்கினார்.

1984 பிப்ரவரி 7 அன்று இறந்தார். திட்டம் கைவிடப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவானது. அவர் கேட்ட காடு பிழைத்தது. அதைப் பார்க்கத்தான் ஒன்பது மாதம் கூடுதலாக அவருக்கு வாய்க்கவில்லை.