அளவறிந்து உண்டவர்

பதுவை நகர் என்றவுடன் நம் எல்லோருடைய நினைவுக்கும் வருபவர் கோடி அற்புதரான புனித அந்தோணியார். இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள அந்நகரில், அவருடைய பேராலயத்திற்கு அருகிலேயே அழகிய தூண் மண்டபம் ஒன்று நிற்கிறது. 1524-ஆம் ஆண்டில் எழுந்த அம்மண்டபத்தின் சொந்தக்காரர் புனிதரும் அல்லர், மன்னரும் அல்லர். உணவில் அளவைக் கடைப்பிடித்ததாலேயே ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற ஓர் இல்லறத்தார். அவர் பெயர் லூயிஜி கொர்னாரோ.

இவரைப் பற்றி நான் அறிய நேர்ந்தது எங்கள் வீட்டுக் கவலை ஒன்றினால்தான். சென்ற ஆண்டு என் தந்தையாருக்குச் சர்க்கரை நோய் கண்டது. உணவு முறையை உடனே மாற்றவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று முதல் சோற்றின் அளவு குறைந்தது; கீரையும் காய்கறியும் கூடின; மாலைக் காப்பியில் சர்க்கரை நின்றது. அப்பா முகம் வாடிப்போனார். இப்படிச் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்து என்ன பயன் என்று அவர் அம்மாவிடம் சலித்துக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கொர்னாரோவின் வரலாறு எனக்குப் படிக்கக் கிடைத்தது.

கொர்னாரோ பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெனிஸ் நகரில் பிறந்தார். குருவாக இருந்த அவருடைய தாய்மாமன் பதுவை நகரில் வாழ்ந்தவர், செல்வர். மாமனின் சொத்து பின்னர் மருமகனுக்கு வந்தது. வெனிஸ் நகரின் புகழ்பெற்ற கொர்னாரோ பிரபு குலத்தைச் சேர்ந்தவர் தாம் என்று அவர் உரிமை கொண்டாடினார். ஆனால் அரசு அவரைப் பிரபுக்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த மனக்குறை அவருக்கு நெடுநாள் இருந்தது.

கையில் பணம், சுற்றிலும் நண்பர்கள், நாள்தோறும் விருந்து. இளமையில் கொர்னாரோ உண்பதிலும் குடிப்பதிலும் எல்லை வைத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. முப்பத்தைந்து வயதிற்குள் வயிற்று வலி, விலா வலி, கீல்வாதம், விடாத காய்ச்சல், தீராத தாகம் என நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. நாற்பது வயது வரை அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. மருத்துவர்கள் கொடுத்த மருந்துகள் ஒன்றும் பலிக்கவில்லை.

மருத்துவர்கள் அவருக்குப் பத்தியமும் சொல்லியிருந்தார்கள். ஆனால் நோயாளிகளில் பலர் செய்வதையே அவரும் செய்தார். அவர்கள் முன்னால் தலையசைத்துவிட்டு, தாம் விரும்பியதையெல்லாம் உண்டார். அதை அவர்களிடம் சொல்லாமலும் இருந்தார். பிற்காலத்தில் இதை அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தார். இந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது.

கடைசியில் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். இனி ஒரே ஒரு வழிதான் உண்டு. உணவில் அளவும் வாழ்வில் ஒழுங்கும் வேண்டும். அதை உடனே தொடங்காவிட்டால் சில மாதங்களில் உயிர் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். சாக விரும்பாத கொர்னாரோ அன்றே மனம் மாறினார்.

நாவிற்கு இனியது உடலுக்கும் நல்லது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அது உண்மைதானா என்று அவர் தம் உடலைக்கொண்டே சோதித்துப் பார்த்தார். மிகக் குளிர்ந்த திராட்சை இரசம், முலாம்பழம், பன்றி இறைச்சி, மாவுப் பலகாரங்கள் போன்ற பல பண்டங்கள் அவர் நாவிற்கு விருப்பமானவை. ஆனால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனவே அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். பிறருக்கு நல்லதாக இருக்கும் உணவு தமக்கு ஒவ்வாமல் போகலாம் என்பதையும் கண்டுகொண்டார். இன்னும் கொஞ்சம் உண்ணலாம் என்ற ஆசை இருக்கும்போதே எழுந்துவிடப் பழகினார்.

சில நாட்களிலேயே உடலில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஓராண்டு முடிவதற்குள் அவரைப் பிடித்திருந்த நோய்கள் எல்லாம் விலகின. நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை இரசம் என்பதை அவர் தமது அளவாக வைத்துக்கொண்டார். ரொட்டி, முட்டையின் மஞ்சள் கரு, சிறிது இறைச்சி, சூப்பு ஆகியவையே அந்த உணவு. இன்றைய கணக்கில் 350 கிராமுக்கும் குறைவு. திராட்சை இரசம் அந்நாட்டில் அக்காலத்தில் அன்றாட உணவோடு சேர்ந்த பானம் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

உணவோடு அவருடைய மாற்றம் நின்றுவிடவில்லை. கடும் வெயில், கடும் குளிர், அளவற்ற களைப்பு, உறக்கமின்மை ஆகியவற்றைத் தவிர்த்தார். இயல்பிலேயே அவர் முன்கோபி. வயிறு இலேசானபின் மனமும் இலேசாயிற்று. கோபத்தையும் துயரத்தையும் அடக்கியாள்வது தமக்கு எளிதாயிற்று என்று அவர் உணர்ந்தார். ஒரு சமயம் செல்வாக்கு மிக்க சிலர் அவர்மீது பெரிய வழக்குகள் தொடுத்தனர். குடும்பமே கலங்கியது. அவருடைய சகோதரரும் உறவினர் சிலரும் அந்தக் கவலையிலேயே நோயுற்று இறந்தனர். கொர்னாரோவோ மனம் தளராமல் நின்று வழக்கை நடத்தி வெற்றி பெற்றார்.

எழுபதாம் வயதில் மற்றொரு சோதனை வந்தது. அவர் சென்ற குதிரை வண்டி கவிழ்ந்து, குதிரைகள் அவரை இழுத்துக்கொண்டு ஓடின. தலையிலும் உடலிலும் காயம். ஒரு கையும் ஒரு காலும் பிசகிவிட்டன. மூன்று நாள் தாங்கமாட்டார் என்று மருத்துவர்கள் எண்ணினர். இரத்தம் எடுப்பதும் பேதி மருந்து கொடுப்பதும் அன்றைய சிகிச்சை. கொர்னாரோ இரண்டையும் மறுத்தார். கை கால்களை மட்டும் சரிசெய்து கட்டச் சொல்லி, எண்ணெய் தடவிக்கொண்டார். வேறு மருந்தின்றி எழுந்து நடமாடினார். காயம்பட்டவரின் உடலிலிருந்து இரத்தத்தை எடுப்பது தீங்கையே செய்யும் என்பதை இன்று நாம் அறிவோம்.

ஆனால் தன்னைச் சுற்றியிருப்போரின் அன்பே ஒருமுறை அவருக்கு ஆபத்தாக முடிந்தது. எழுபத்தெட்டு வயதில் இவ்வளவு குறைவாக உண்டால் உடம்பு தாங்குமா என்று உறவினரும் நண்பரும் வற்புறுத்தத் தொடங்கினர். மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். மறுத்துப் பேச மனமில்லாமல் அவர் உணவை 14 அவுன்சாகவும் இரசத்தை 16 அவுன்சாகவும் உயர்த்தினார். கூடியது இரண்டிரண்டு அவுன்சுதான். பத்து நாட்களுக்குள் அவருடைய முகமலர்ச்சி மறைந்தது; எரிச்சலும் சோர்வும் வந்தன. பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி கண்டு, அதைத் தொடர்ந்து 35 நாட்கள் காய்ச்சல் அடித்தது. எல்லோரும் நம்பிக்கை இழந்தனர். அவர் தம் பழைய அளவுக்கே திரும்பினார், பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு அவுன்சுதான் காய்ச்சலுக்குக் காரணமா என்று இன்றைய மருத்துவர் ஐயுறலாம். கொர்னாரோவுக்கு ஐயம் இல்லை. விருந்தோம்பலின் பேரில் பிறரை வற்புறுத்தும் நமக்கும் இது ஒரு பாடம் அல்லவா?

மீண்டு கிடைத்த நலத்தை அவர் வீணாக்கவில்லை. பதுவைக்கு அருகே சதுப்பு நிலங்களில் நீர் தேங்கிக் காற்றும் கெட்டிருந்தது. குடியிருந்த மக்கள் பிள்ளைகளை வளர்க்க முடியாமல் வெளியேறினர். கொர்னாரோ வாய்க்கால்கள் வெட்டி நீரை வடியச் செய்தார். நிலம் விளைந்தது, வீடுகள் பெருகின, இறைவனுக்கு ஆலயமும் எழுந்தது. நீர்நிலைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1560-இல் பதுவையில் அச்சாயிற்று. கட்டடக் கலைஞர் பால்கொனெட்டோவையும், நாடக ஆசிரியர் ருசாந்தேயையும் ஆதரித்தார். நான் முதலில் சொன்ன தூண் மண்டபம் பால்கொனெட்டோ கட்டியதுதான். அதன் முன்னே நாடகங்கள் நடந்தன.

1558-ஆம் ஆண்டு, மிதமான வாழ்வைப் பற்றிய தமது முதல் உரையை அவர் வெளியிட்டார். பின்னர் மேலும் மூன்று உரைகள் எழுதினார். அவற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. நெடுங்காலம் வாழ்வதை மட்டும் அவர் பெரிதாகப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் கிடைத்த சிறு சிறு இன்பங்களையே வரிசையாகச் சொல்கிறார். பிறர் உதவியின்றிக் குதிரை ஏறுகிறார். மாடிப்படி மட்டுமன்றிக் குன்றின்மீதும் நடந்தே ஏறுகிறார். நிம்மதியாக உறங்குகிறார், இனிய கனவு காண்கிறார். முதுமையிலும் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதுகிறார். பசித்து அளவோடு உண்பதால் வெறும் ரொட்டியே அவருக்கு அமுதமாக இனிக்கிறது.

அவருக்கும் மனைவி வெரோனிக்காவுக்கும் நெடுநாள் பிள்ளையில்லை. பின்னர் பிறந்த ஒரே மகள் கியாரா. அந்த மகளின் பிள்ளைகள் பதினொரு பேர். வெளியே சென்று வீடு திரும்பினால் இரண்டு வயதுக் குழந்தை முதல் பதினெட்டு வயதுப் பேரப்பிள்ளை வரை அவரைச் சூழ்ந்துகொள்வர். சின்னஞ்சிறியவர்களோடு விளையாடுவார், பெரியவர்களோடு உரையாடுவார், அவர்கள் இசைக்கும்போது தாமும் சேர்ந்து பாடுவார். இளமையில் இருந்ததைவிடத் தம் குரல் இப்போது தெளிவாக இருப்பதாக அவருக்குப் பெருமை. நோய்ப் படுக்கையில் நாற்பது வயதில் இறந்திருந்தால் இந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவரையும் அவர் பார்த்திருக்க முடியாது.

1566-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் கொர்னாரோ பதுவையில் இறைவனடி சேர்ந்தார். அவர் நூறு வயதை எட்டியவர் என்றே பழைய நூல்கள் கூறுகின்றன. தம் வயதை அவரும் கூட்டியே சொல்லி வந்தார். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆவணங்களைப் பார்த்து, அவர் பிறந்தது 1484-ஐ ஒட்டியே இருக்கும் என்கின்றனர். அப்படியானால் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய எண்பத்திரண்டு ஆண்டுகள். மேலே நான் சொன்ன வயதுகள் எல்லாம் அவர் எழுதியபடியே தந்தவை. இதை முதலில் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நூறோ, எண்பத்திரண்டோ, அந்த ரொட்டியின் சுவையும் பேரப்பிள்ளைகளின் பாட்டும் பொய்யாகிவிடுமா?

அவருடைய நூலை இயேசு சபைக் குருவான லெசியுஸ் இலத்தீனில் மொழிபெயர்த்து, உடல்நலம் பற்றிய தமது நூலோடு 1613-இல் வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் அதை ஆங்கிலத்தில் தந்தார். ஓவியர் டின்டொரெட்டோ தீட்டிய கொர்னாரோவின் படம் பிளாரன்ஸ் நகரின் பிட்டி மாளிகையில் இருக்கிறது.

அன்புத் தோழியரே, ஒரு எச்சரிக்கை. கொர்னாரோவின் 12 அவுன்சை நாம் பின்பற்றக்கூடாது. அது முதியவர் ஒருவர் தமக்கென்று கண்ட அளவு. வளரும் வயதிலுள்ள நமக்குப் பால், பருப்பு, முட்டை, கீரை, பழம் எல்லாம் வயிறார வேண்டும். காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு ஓடிவந்து, இடைவேளையில் வறுவலும் குளிர்பானமும் வாங்கிப் பசியாற்றுவதும் அளவு மீறல்தான். நோயுற்றவர்கள் தம் மருத்துவர் சொற்படியே உணவை மாற்றவேண்டும். கொர்னாரோவிடம் நாம் கற்கவேண்டியது எடை அன்று. தன் உடலைக் கவனித்து, நாவை அடக்கிய மனவுறுதியையே.

இந்த வரலாற்றை ஓரிரவு நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மருத்துவரிடம் மறைத்து உண்ட பகுதி வந்தபோது அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அலுவலகத்துப் பக்கத்துக் கடையில் அவரும் மறைவாக இனிப்பு வாங்கிச் சாப்பிட்டு வந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன்பின் அவர் கடைக்குப் போகவில்லை. மாதங்கள் சென்றன. இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அதைவிட நாங்கள் கண்டது பெரிது. மதிய உணவுக்குப் பின் வரும் தலைக்கனம் இப்போது இல்லை என்கிறார். முருங்கைக்கீரைக்கு இவ்வளவு சுவை உண்டா என்று வியக்கிறார். கோபமும் குறைந்திருக்கிறது என்பது தம்பியின் சாட்சியம்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு இருபத்து மூன்று படிகள். முன்பெல்லாம் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அப்பா மேலே வருவார். சென்ற ஞாயிறு திருப்பலிக்கு அவர் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறிவிட்டார். மேலே நின்று, பின்தங்கிவிட்ட அம்மாவையும் என்னையும் சீக்கிரம் வரும்படி கையசைத்து அழைத்தார்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி