வெற்றிடத்திற்கும் பொருள் கண்ட வித்தகர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

இருப்பதைக் கணக்கிடுவோர் பலர். இல்லாததற்கும் கணக்கு வேண்டும் என்று கண்டவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அறிஞர் எட்கர் காட். வங்கி முதல் பல்கலைக்கழகம் வரை இன்று பயன்படும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் தந்தை அவரே.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லாந்தில், 1923 ஆகஸ்டு 19-ஆம் நாள், ஏழு மக்களுள் இளையவராகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றினார். 1948-இல் அமெரிக்கா சென்றார்; பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். நாற்பது வயதைக் கடந்த பின், 1965-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்விக்கு வயது தடையன்று என்பதற்கு அவரே சான்று!

அக்காலத்தில் தரவுகள் மரக்கிளைகளைப் போல் அடுக்கப்பட்டிருந்தன. எந்தக் கிளை வழியே செல்வது என்று அறிந்தவரே அவற்றை எடுக்க முடியும். அனைத்தையும் எளிய அட்டவணைகளாக அமைக்கலாம் என்று 1970-இல் காட் ஒரு கட்டுரையில் காட்டினார். அவருடைய நிறுவனமே அதை ஏற்கத் தயங்கியது. ஆயினும் 1981-இல் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது.

அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு ‘நல்’ என்னும் இன்மைக் குறியை அவர் வகுத்தார். அது சுழியன்று; வெற்றுச் சொல்லும் அன்று. 1985-இல் வெளியிட்ட பன்னிரு விதிகளுள் மூன்றாவதாக இதனை வைத்தார். 1990-இல் எழுதிய நூலில், தெரியாத இன்மை வேறு, பொருந்தாத இன்மை வேறு என்றும் பிரித்தார்.

1998-இல் வந்த எக்ஸ்எம்எல் மீண்டும் மர வடிவமே. அதிலிருந்து அட்டவணைக்குத் தரவை மாற்றும்போது காட் சொன்னதன் அருமை விளங்கும். அங்கே ஓர் உறுப்பு அடியோடு இல்லாமல் இருக்கலாம். இருந்தும் உள்ளே ஒன்றுமின்றி இருக்கலாம். ‘நில்’ என்ற பண்பால் இன்மை என்றே குறிக்கப்பட்டிருக்கலாம். எண் கேட்கும் கட்டத்தில் வெறுமையை இட்டால் சில தரவுத்தளங்கள் பிழை என்று மறுக்கும். சில அதைச் சுழியாக்கிவிடும். நான்கு மாணவர்கள் 50, 60, 70, 80 மதிப்பெண் பெற, ஐந்தாமவர் தேர்வுக்கே வரவில்லை என்போம். சராசரி 65. வராதவருக்குச் சுழி விழுந்தாலோ அது 52! ஆகவே வெறுமையாக வருவதை ‘நல்லிஃப்’ என்னும் சார்பினால் முதலில் இன்மைக் குறியாக்கி, அதன் பின்னரே எண்ணாக மாற்ற வேண்டும்.

இது கணினிக்கு மட்டும் உரிய பாடமன்று. விண்ணப்பங்களில் தந்தையின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் உண்டு. என் தந்தையார் பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அது தெரியாத செய்தியன்று, தெரிந்த செய்தி. எனவே ‘பள்ளி செல்லவில்லை’ என்றே எழுதுகிறேன். வெறுமையாக விட்டால், படிக்க வாய்ப்பில்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணும் நாளில் அவர் கணக்கில் வரமாட்டார்.

2003 ஏப்ரல் 18-ஆம் நாள் புளோரிடாவில் காட் மறைந்தார். மாணவ நண்பர்களே! வெறுமையான கட்டத்தைக் கண்டால் விரைந்து சுழி இடாதீர்கள். அது தெரியாததா, பொருந்தாததா, இல்லாததா என்று ஒரு கணம் கேளுங்கள். அதுவே அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றி.